கம்பத்தில் ஏறுகிறவர் ஏன் விழுகிறார்?

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவருடைய தம்பிக்கு இருபத்துமூன்று வயது. ஓர் உப ஒப்பந்தகாரரிடம் சேர்ந்து வீடுகளுக்கு பைபர் இணைய இணைப்பு இழுக்கிறார். ஓர் இணைப்புக்கு இவ்வளவு என்று கூலி. போன கிழமை அவரோடு வேலை செய்த பெடியன் ஏணியோடு சரிந்து, குதிக்கால் உடைந்து படுத்திருக்கிறான். தம்பியோ, "சின்ன வயதிலேயே பனையும் தென்னையும் ஏறினவன், எனக்கு ஒன்றும் ஆகாது" என்கிறாராம். வேலையை விடச் சொல்வதா, விடாவிட்டால் எதைக் கவனிக்கச் சொல்வது, விழுந்தால் யார் பொறுப்பு என்று அக்கா கேட்கிறார்.

தங்கச்சி, நான் முப்பது வருடத்துக்கு மேல் கம்பி வேலையில் இருந்தவன். முதலில் தொலைபேசி, பிறகு மின்சாரம். எனக்குத் தெரிந்து விழுந்தவர்களில் கால் வழுக்கி விழுந்தவர்கள் குறைவு. கம்பம் முறிந்து விழுந்தார்கள், கரண்ட் உதறி விழுந்தார்கள், ஏணி சரிந்து விழுந்தார்கள். இந்த மூன்றுமே கால் தரையில் இருக்கும்போதே பார்த்துத் தடுக்கக் கூடியவை. ஏறும் திறமை எவ்வளவு இருந்தாலும் இவற்றில் ஒன்றைக்கூட அது தடுக்காது. தம்பிக்கு முதலில் இது விளங்க வேண்டும்.

பனை உயிருள்ள மரம். வேர் பிடித்து நிற்கிறது. கள்ளுச் சீவல் தொழில் செய்கிறவர் ஒரே மரத்தில் காலையும் மாலையும் ஏறுகிறார், அந்த மரத்தின் ஒவ்வொரு முண்டும் அவருக்குத் தெரியும். காலில் தளைநார், கைக்குச் சொரசொரப்பான உடல். அப்படியிருந்தும் பனையால் விழுந்து முள்ளந்தண்டு முறிந்தவர்களை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கம்பம் அப்படியில்லை. செத்த மரம், அல்லது கொங்கிரீட். மண்ணுக்குக் கீழே என்ன நிலையில் இருக்கிறது என்று ஏறுகிறவருக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் கம்பிகள் இழுத்துக்கொண்டிருக்கும். அதில் ஒரு பக்கத்துக் கம்பியை வெட்டுவதுதான் சில நாட்களில் அவருடைய வேலையே.

ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன். வடமராட்சியில் ஒரு ஒழுங்கை. மாரி முடிந்து தை மாதம். பழைய மரக் கம்பத்தில் இருந்து பாவனையில் இல்லாத தொலைபேசிக் கம்பிகளை இறக்க வேண்டும். என்னைவிட நாலைந்து வயது மூத்த ஒருவர் ஏறினார். அவர் ஏறுவதைப் பார்க்கவே அழகாக இருக்கும், அவ்வளவு லாவகம். பெல்ட்டும் போட்டிருந்தார். மேலே போய் வாரைக் கம்பத்தைச் சுற்றிக் கொளுவி, சாய்ந்து நின்று, குறட்டால் ஒரு பக்கத்துக் கம்பியை வெட்டினார். இரண்டாவதை வெட்டியபோது ஒரு சத்தம் கேட்டது. புழுக்கின பனங்கிழங்கை முறிக்கும்போது வருமே, அந்தச் சத்தம்தான், ஆனால் பெரிதாக. கம்பம் நில மட்டத்தில் முறிந்து மெதுவாகச் சாய்ந்தது. அவர் அதோடு கட்டுண்டிருந்தார். குதிக்கவும் முடியாது, விலகவும் முடியாது. கம்பத்துக்கு அடியில் அகப்பட்டு இடுப்பெலும்பு நொறுங்கியது.

பிறகு நான் அந்த முறிந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். தரைக்கு மேலே நல்ல வைரம். வெளிப்பக்கம் கீறல்கூட இல்லை. மண்ணுக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் உள்மரம் கையால் பிசைந்தால் மாவாக உதிர்ந்தது. ஈரமும் காற்றும் சந்திக்கிற இடம் அது, மரக் கம்பம் அங்கேதான் உக்கும். இவ்வளவு காலமும் அதை நிமிர்த்தி வைத்திருந்தது இரண்டு பக்கத்துக் கம்பிகளின் இழுவைதான். அதில் ஒரு பக்கத்தை அவர் வெட்டிவிட்டார்.

ஏறுவதற்கு முன் கம்பத்தைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். ஒரு சுத்தியலால் அடியில் இருந்து ஆறடி உயரம் வரை சுற்றிவரத் தட்ட வேண்டும். நல்ல மரம் கணீரென்று பதில் சொல்லும், சுத்தியல் கையில் துள்ளும். உக்கின மரம் பொத்தென்று அடங்கிவிடும். அலவாங்கால் அடி மண்ணைக் கொஞ்சம் விலக்கி, ஒரு நீண்ட ஸ்க்ரூ ட்ரைவரைச் சாய்வாகக் குத்திப் பார்க்க வேண்டும். சுலபமாக இறங்கினால் அந்தக் கம்பத்தில் ஏறக்கூடாது, அவ்வளவுதான். கயிறு கட்டி, கம்பி ஓடும் திசைக்குக் குறுக்கே மெதுவாக அசைத்துப் பார்ப்பதும் ஒரு வழி. கம்பிகளை வெட்டுகிற வேலையாக இருந்தால், கம்பம் நல்லதாகத் தெரிந்தாலும் முதலில் மூன்று பக்கம் கயிற்றால் தாங்கு கொடுத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். கூடை வைத்த வாகனம் கிடைத்தால் கம்பத்தில் தொங்காமலே வேலையை முடிக்கலாம்.

கொங்கிரீட் கம்பம் உக்காது என்று நம்பிவிடவும் கூடாது. காரைநகர், வேலணை, பருத்தித்துறைக் கரையோரங்களில் உப்புக்காற்று உள்ளிருக்கும் இரும்பைத் தின்றுவிடும். நெடுக்கு வெடிப்பு, துருக் கறை வழிந்த கோடு, கொங்கிரீட் உரிந்து தெரியும் கம்பி ஆகியவை அதற்கு அடையாளம். கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே வயரும் மண்ணோடு சேரும் இடத்தில் இதேபோல அரித்திருக்கும். இன்னொன்றும் நம் மண்ணுக்கு உரியது. கம்பத்தின் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு, 9 மீற்றர் கம்பத்துக்கு ஒன்றரை மீற்றர். வலிகாமத்தில் பல இடங்களில் இரண்டடி தோண்டினாலே சுண்ணாம்புக்கல் வந்துவிடும். பாறையை உடைத்து முழு ஆழத்துக்கு இறக்கியவர்களும் உண்டு, "இது காணும்" என்று அடியைச் சுற்றிக் கல்லைப் போட்டு மூடியவர்களும் உண்டு. மேலே நின்று பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்ததுபோல கடும் மழையும் காற்றும் போனதற்குப் பிறகு ஏறும் எந்தக் கம்பத்தையும் புதிதாகச் சந்தேகப்பட வேண்டும்.

சரி, இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். பைபர் இழுக்கிறவர்கள் பலர், "எங்கட வயரில கரண்ட் இல்லை" என்று சொல்வார்கள். பைபரில் கரண்ட் இல்லைதான். ஆனால் அந்தக் கேபிளைத் தாங்குகிற உருக்குக் கம்பியில் வரலாம். அது தொங்கும் அதே கம்பத்தில் மேலே 230 வோல்ட், சில இடங்களில் அதற்கும் மேலே 11,000 அல்லது 33,000 வோல்ட் ஓடுகிறது. காற்றில் அறுந்த மின்கம்பி பத்து வீடு தள்ளி அந்தத் தாங்கு கம்பியில் விழுந்திருந்தாலும் தம்பியின் கைக்கு அது வந்து சேரும். வீதி விளக்கின் உலோகப் பெட்டியிலும் கசிவு இருக்கலாம்.

இங்கே ஆளைக் கொல்லக் கரண்ட் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. தரையில் நிற்கும்போது "அட!" என்று கையை உதறிவிட்டுப் போகிற அளவு அடி, ஆறு மீற்றர் உயரத்தில் ஆளைக் கீழே தள்ளிவிடும். கை உதறுவதற்கு மூளையின் அனுமதி தேவையில்லை. ஆறு மீற்றரில் இருந்து தரைக்கு வர ஒரு செக்கனுக்குச் சற்று மேல் ஆகும். மோதும் வேகம் மணிக்கு கிட்டத்தட்ட 39 கிலோமீற்றர். ஓடும் மோட்டார் சைக்கிளில் இருந்து மதிலில் மோதுவதற்கு அது சமம்.

மின்வெட்டு நேரத்தில் கரண்ட் இல்லை என்று நினைப்பது இன்னும் ஆபத்து. 2022 இல் நாங்கள் நாள் முழுக்க இருட்டில் இருந்த காலத்தில் கடைக்கும் வீட்டுக்கும் ஜெனரேட்டர் வாங்கினார்கள். அவற்றில் சில மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் நேரே பிளக்கில் செருகப்பட்டன. வீட்டில் இருந்து வெளியே போகும் அந்த 230 வோல்ட், வீதியில் இருக்கும் மின்மாற்றியின் (ட்ரான்ஸ்போமர்) வழியாகப் பின்பக்கம் ஏறி, மறுபக்கத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக மாறும். லைனை நிறுத்திவிட்டோம் என்று தொட்டவருக்கு அடி வீட்டுக்குள்ளிருந்து வரும். அதனால்தான் மின்சார வேலை செய்கிறவர் நிறுத்தியதோடு விடாமல், கருவியால் சோதித்து, இரண்டு பக்கமும் ஏர்த் கட்டிவிட்டுத் தொடுகிறார். தொலைத்தொடர்பு வேலைக்காரருக்கு அந்தப் பயிற்சியும் இல்லை, அந்தக் கருவியும் இல்லை. எனவே அவர் செய்யக்கூடியது விலகி நிற்பதுதான். அமெரிக்க விதிகளில் மின்கம்பிக்கும் தொடர்பாடல் கேபிளுக்கும் நடுவே 40 அங்குலம் வெறுமையாக விட வேண்டும் என்று இருக்கிறது. ஏறக்குறைய ஒரு மீற்றர். தம்பியின் தலையும் கையும் அந்த ஒரு மீற்றருக்குள் போகக்கூடாது. இடம் போதாது என்றால் அந்தக் கம்பத்தில் வேலை செய்ய மின்சாரம் வழங்குகிற நிறுவனம் வந்து நிறுத்தித் தரவேண்டும். அலுமினிய ஏணியை அந்தப் பக்கம் எடுத்துப் போகவே கூடாது. பைபர்கிளாஸ் ஏணி விலைதான், ஆனாலும் அதை வாங்கிக் கொடுப்பது ஒப்பந்தகாரரின் கடமை.

உங்கள் தம்பிக்கு ஒவ்வொரு நாளும் வரும் ஆபத்து ஏணிதான். கூட்டாளி விழுந்ததும் அப்படித்தானே. நான்கு அடி உயரத்துக்கு ஓரடி வெளியே, இதுதான் சாய்வு. ஏணியின் தலைப்பைக் கம்பத்தோடு வாரால் கட்டும் வரை இன்னொருவர் அடியைப் பிடித்து நிற்க வேண்டும். தனியாக ஏணி வேலைக்கு அனுப்பப்படுகிற பெடியங்களைப் பார்த்தால் எனக்கு வயிறு பற்றி எரிகிறது. கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே, தொங்கும் கேபிளிலேயே ஏணியைச் சார்த்தி ஏறுவதையும் இப்போது பார்க்கிறேன். அந்தக் கேபிளை ஒரு வைக்கோல் லொறி தட்டினால், அல்லது அடுத்த கம்பத்தில் பிடி விட்டால், ஏணி நிற்க இடமில்லை. ஏணியின் நுனியில் கொளுக்கி இருக்க வேண்டும், கேபிளைத் தரையில் இருந்து இழுத்துச் சோதித்திருக்க வேண்டும், வீதியில் கொடி பிடிக்க ஒருவர் நிற்க வேண்டும். மூன்றும் இல்லையென்றால் கேபிளில் சார்த்தாமல் இருப்பது நல்லது. முக்கியமானது இன்னொன்று: ஏணியில் நின்றபடி பக்கவாட்டில் எட்டுவது. இன்னும் ஒரு சாண் எட்டினால் முடிந்துவிடும் என்று தோன்றும் அந்த இடத்தில்தான் பலர் விழுகிறார்கள். நெஞ்சு ஏணியின் இரண்டு கால்களுக்கும் நடுவே இருக்க வேண்டும். எட்டவில்லையா, இறங்கி ஏணியை நகர்த்த வேண்டும்.

யாரும் புத்தகத்தில் எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கம்பத் தலைப்பில் இருக்கும் பெட்டிகளுக்குள் குளவி கூடு கட்டும். மாமரத்தை ஒட்டிய கம்பமென்றால் முசுறு எறும்பு கேபிள் வழியே வரிசையாக வரும். மேலே போய் மூடியைத் திறந்ததும் முகத்துக்கு வந்தால் எந்தப் பயிற்சியும் நினைவுக்கு வராது. ஏறுவதற்கு முன் ஒரு நீண்ட தடியால் பெட்டியைத் தட்டிவிட்டு இரண்டு நிமிடம் நின்று பாருங்கள்.

பெல்ட் விஷயத்தில் பெரிய குழப்பம் இருக்கிறது. இடுப்புப் பட்டி ஆளை ஓரிடத்தில் நிறுத்தி இரண்டு கையையும் வேலைக்கு விடுவிப்பதற்கு. விழுகிறவரைப் பிடிப்பதற்கு அல்ல. இடுப்புப் பட்டியில் விழுந்து தொங்கினால் வயிற்றையும் முதுகையும் அது அறுத்துவிடும். விழுவதைப் பிடிக்க, தோளும் தொடையும் சேர்த்துக் கட்டும் முழு உடல் பட்டி வேண்டும். அதிலும் ஒரு கணக்கு உண்டு. அதிர்ச்சி தாங்கியோடு வரும் வழக்கமான ஆறடிக் கயிறு முழுதாக விரிந்து ஆளை நிறுத்த ஏறத்தாழ ஐந்தரை மீற்றர் இடம் தேவை. ஐந்து மீற்றரில் வேலை செய்கிறவர் அதைக் காலடியில் கொளுவினால், அது இழுத்துப் பிடிப்பதற்குள் தரை வந்துவிடும். குறைந்த உயரக் கம்பங்களில் விழுகையே தொடங்காமல் செய்ய வேண்டும். கம்பத்தைச் சுற்றி இறுகிப் பிடிக்கும் வார், தரையில் இருந்து ஏறும்போதே போட்டுக்கொண்டு போவது. "மேலே போய்த்தானே கொளுவலாம்" என்பதுதான் பழைய வழக்கம், நானும் அப்படித்தான் பழகினேன். அது பிழை. அமெரிக்காவில் மின்கம்ப வேலைக்காரருக்கு நாலடிக்கு மேல் ஏறும்போதும் இடம் மாறும்போதும்கூடப் பாதுகாப்புப் பிடி இருக்க வேண்டும் என்று 2015 ஏப்ரலில் இருந்து நடைமுறைப்படுத்தினார்கள். ஏறுவதும் இறங்குவதும்தான் அதிகம் விழும் நேரம் என்பதைக் கம்பத்தில் ஏறின எவரும் ஒத்துக்கொள்வார்.

இத்தனையும் தெரிந்த ஆளும் ஏன் செய்வதில்லை? இணைப்புக்கு இவ்வளவு என்ற கூலியால்தான். சுத்தியலால் தட்ட ஐந்து நிமிடம், ஏணி கட்ட ஐந்து நிமிடம், குளவிக்கு இரண்டு நிமிடம். நாளுக்கு எட்டு வீடு என்றால் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் போகிறது. அது ஒரு இணைப்பின் கூலி, சில நாளில் இரண்டு. பெடியங்களைக் "கவனமில்லாதவர்கள்" என்று திட்டுவது எனக்கு ஒப்பாது. கவனமாக வேலை செய்கிறவனுக்கு அந்த முறை குறைந்த சம்பளம் கொடுக்கிறது. கோயில் தேர் வருகிறது, வயரைத் தூக்கு என்று பின்னேரம் ஐந்து மணிக்கு அழைப்பு வந்தால் நிலைமை இன்னும் மோசம்.

விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதை வீட்டிலும் வேலைக் குழுவிலும் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பெடியனுக்குக் குதிக்கால் உடைந்தது என்றீர்கள். உயரத்தில் இருந்து காலூன்றி விழுந்தவரின் அதிர்ச்சி குதிக்கால், முழங்கால், இடுப்பு, முள்ளந்தண்டு என்று மேலே ஏறிப் போகும். குதிக்கால் வலி அவ்வளவு கடுமையாக இருப்பதால் முதுகின் முறிவை ஆள் உணராமலே இருப்பார். குதிக்கால் உடைந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு இடுப்புக்கு மேலுள்ள முதுகெலும்பும் நொறுங்கியிருப்பது வைத்தியர்களுக்குத் தெரிந்த விஷயம். அந்தப் பெடியனுக்கு முதுகை எக்ஸ்ரே எடுத்தார்களா என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். கால் விறைக்கிறது, சிறுநீர் போகவில்லை என்றால் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

விழுந்தவரைத் தூக்கி ஓட்டோவில் மடக்கி வைத்துக்கொண்டு ஓடுவதுதான் நம் ஊர் வழக்கம். அன்பினால் செய்வது, ஆனால் முறிந்த முதுகு அந்த மடிப்பில்தான் நிரந்தரமாகக் கெடுகிறது. கரண்ட் சம்பந்தம் இருந்தால் முதலில் அதை நிறுத்தாமல் கிட்டப் போகக்கூடாது. பிறகு 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 2018 யூலையில் இருந்து வடக்கிலும் ஓடுகிறது, காசு இல்லை. அது வரும்வரை தலையையும் கழுத்தையும் இரண்டு கையாலும் அசையாமல் பிடித்திருங்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். மூச்சு இல்லையென்றால் மட்டும் முதுகைப் பற்றி யோசிக்காமல் நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். மேலே பட்டியில் நினைவில்லாமல் தொங்குகிறவரைக் கீழே இறக்குவதற்கும் ஒவ்வொரு குழுவிலும் கம்பத்தின் இரண்டரை மடங்கு நீளமான கயிறும், அதைப் பழகின ஒருவரும் இருக்க வேண்டும். அம்புலன்ஸ் வந்து கம்பத்தில் ஏறாது.

பொறுப்பு யாருடையது என்று கேட்டீர்கள். 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இங்கே பொருந்தும். வேலையின்போது வேலை காரணமாக ஏற்பட்ட காயத்துக்கு முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும், அவருடைய பிழை என்று நிரூபிக்க வேண்டியதில்லை. கூலி நாளுக்கா, இணைப்புக்கா என்பது பொருட்டல்ல. உப ஒப்பந்தகாரர் கையை விரித்தால், அவருக்கு அந்த வேலையைக் கொடுத்த பிரதான நிறுவனத்திடமும் கேட்க இடமிருக்கிறது. 2022 இல் செய்த திருத்தத்தோடு உச்சத் தொகை ஐந்தரை இலட்சத்தில் இருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. ஆனால் மது போதையில் இருந்தார், கொடுத்த பாதுகாப்பு உபகரணத்தை வேண்டுமென்றே கழற்றினார் என்று சொல்லித் தப்பவும் வழி வைத்திருக்கிறார்கள். அதனால் எந்த நாளில் என்ன பட்டி கொடுத்தார்கள், அல்லது கொடுக்கவே இல்லை என்பதைத் தம்பி கைத்தொலைபேசியில் படத்தோடு வைத்திருக்கட்டும். வேலைக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்கக்கூடாது, அவர் யாருக்காக வேலை செய்தார் என்பதற்கு அதுவும் சான்று. விபத்து நடந்த அன்றே எழுத்தில் அறிவித்து, யாழ்ப்பாணத்தில் உள்ள தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஈ.பி.எவ். (ஊழியர் சேமலாப நிதி) கட்டுகிறார்களா என்றும் பாருங்கள், தொழிலாளியிடம் 8 வீதம், முதலாளி 12 வீதம், அதைவிட முதலாளி கட்டும் ஈ.ரி.எவ். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம். கட்டுகிறார்கள் என்றால் அவர் அவர்களுடைய தொழிலாளி என்பதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டாம்.

வேலையை விடச் சொல்வதா? நான் விடச் சொல்ல மாட்டேன். நல்ல தொழில், கை வந்தால் வாழ்நாளுக்கும் சோறு போடும். ஆனால் முழு உடல் பட்டியும், பைபர்கிளாஸ் ஏணியும், கூட ஒரு ஆளும் தர மாட்டேன் என்கிற ஒப்பந்தகாரரிடம் ஒரு நாள்கூட நிற்க வேண்டாம். வேறு ஒப்பந்தகாரர்கள் இருக்கிறார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை தம்பியைத் தன் பட்டியை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். முற்றத்தில் நல்ல வெளிச்சத்தில் விரித்து, நீங்களும் பக்கத்தில் இருந்து பாருங்கள். பட்டியை வளைத்துப் பிடித்தால் நூல் அறுந்திருப்பது தெரியும். தையல் வேறு நிறத்தில் இருப்பது வெறும் அழகுக்கல்ல, அறுந்தால் கண்ணில் படுவதற்குத்தான். வெயிலில் வெளிறி மொரமொரப்பாகிவிட்டதா, கொளுக்கியின் நாக்குத் தானாக மூடிப் பூட்டுகிறதா, மோதிர வளையத்தில் துரு இருக்கிறதா, தயாரித்த வருடம் எழுதிய துணிச் சீட்டு இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை ஆளைப் பிடித்த பட்டி என்றால், பார்வைக்கு எவ்வளவு புதிதாக இருந்தாலும் கத்தியால் வெட்டி எறிந்துவிடுங்கள், வேறு ஒருவர் எடுத்துப் போடாமல்.